பச்சைக் கட்டத்துக்குள் மணல்

கேமரா கண்ணைக் கண்டுபிடித்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. வியூஃபைண்டருக்குள் சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் வெறும் மணலில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. இங்கே ஒரு கண் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பறவை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் கண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டம் போடும் என்பதற்காகவே வாங்கிய கேமரா, கடைக்காரன் மேஜைமேல் இருந்த பீங்கான் கிளியின் கண்ணைப் பிடித்துக் காட்டினான், உயிர் இல்லாததையும் பிடிக்கிறதே என்றேன், கண் மாதிரி இருந்தால் போதும் மேடம் என்றான். கண் மாதிரி. அப்படியானால் இது ஏதாவது கருப்புக் கூழாங்கல்லாக இருக்கும், நண்டுப் பொந்தாக இருக்கும், உப்பளத்துப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் மூடியாக இருக்கும். பொத்தானை விட்டேன், கட்டம் போனது. பாதி அழுத்தினேன், அதே இடத்தில் பச்சை. கட்டத்துக்குள் மணல் இருக்கிறது, மணலோடு உடைந்த சிப்பி, காய்ந்த பாசி இழை ஒன்று, பிறகும் மணல். கல் இல்லை, பொந்து இல்லை. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன், கூப்பிடு தூரம்கூட இல்லை, நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம், வெயில் வெள்ளையாய்க் கொட்டுகிறது, எந்தப் பொருளுக்கும் ஒளிந்துகொள்ள நிழல் கிடையாது, அப்படிப்பட்ட வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே ஆலாக்கள், வெள்ளைக் கடற்பறவைகள், கத்துகின்றன. காற்று ஒரே பக்கமாக அடித்துக் காதுக்குள் ஊதுகிறது. பின்கழுத்தில் வியர்வை ஓடுகிற கோடு மட்டும் குளிர்கிறது, இந்த வெயிலிலும். இடது கண்ணால்தான் பார்த்தேன். அதுதான் நல்ல கண். நல்ல கண் என்று சொல்லிக்கொண்டே எதற்கு இன்னொரு தடவை பார்க்கிறேன்.

வலது கண்ணை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் நடுவில் யாரோ ஈரக் கட்டைவிரலை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு கறை. இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும்போதே வந்துவிட்டது, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடிச் சில்லை வைத்து நல்ல செல்களுக்கு நடுவில் கெட்ட செல்லைத் தேடுவதுதான் எனக்கு வேலை, ஒரு நாள் கெட்டதே இல்லை, அடுத்த சில்லும் நல்லது, அதற்கடுத்ததும் நல்லது, இவ்வளவு நல்லது இந்த உலகத்தில் கிடையாதே என்று வயிறு சொன்னது. ஓரங்களெல்லாம் அப்படியே தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் இருக்காது. இடது கண்ணை மூடிக்கொண்டால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மத்தியானம் அப்படி மூடிப் பார்த்தேன், கஸ்பார் அண்ணனின் சட்டைக் காலர் இருந்தது, நரைத்த முடி இருந்தது, காதுகள் இருந்தன, சோற்றை அள்ளிய கை மேலே போய் ஒன்றுமில்லாததற்குள் நுழைந்து காலியாகத் திரும்பி வந்தது, அந்த ஒன்றுமில்லாதது என் பக்கம் திரும்பி, ரசம் ஊத்திக்கயேம்மா என்றது. சட்டென்று இடது கண்ணைத் திறந்துவிட்டேன். அண்ணன் மென்றுகொண்டிருந்தார். ஒரு கண் இருக்கிறவரை இது விளையாட்டு. இன்னொன்றிலும் வரலாம், வராமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா, வந்தால் அன்றைக்கே ஓடி வா, ஊசி இருக்கிறது, பிடித்து நிறுத்திவிடலாம், தள்ளிப்போட்டால் போனது போனதுதான். எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள், நானும் இங்கிலீஷிலேயே தலையாட்டிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்தேன். ஊருக்கு வந்தபிறகு குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன், வாய் கூசியது, தண்ணீரை மூடிவிட்டு வெளியே வந்து, வேலை அலுத்துப்போச்சு அண்ணே, வெயில் வேண்டியிருக்கு, அதான் வந்துட்டேன் என்றேன். டாக்டரம்மா கொடுத்த தாள் ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் புள்ளி, தினமும் ஒரு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும், கோடுகள் நேராக நிற்கிறவரை பயமில்லை. சில நாளாகத் தண்ணீர்ப் பாட்டில் எடுக்கும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் எடுக்கிறேன். குளியலறைச் சுவரில் ஓடுகள் சேரும் கோடு ஒரு காலையில் நடுவில் தொய்ந்திருந்தது, ஈரப் போர்வை போட்ட கொடி மாதிரி. தலைசுற்றலாக இருக்கும் என்று சோப்பை எடுத்தேன். தலை சுற்றவில்லை. ஆரம்பத்தில் கறை எதுவும் தெரியாது, அதுதான் இதில் மோசம் என்றாள் டாக்டரம்மா, மூளை ஓட்டையைக் காட்டாது, சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதிலேயே கொஞ்சம் கிள்ளி எடுத்து ஒட்டுப் போட்டுவிடும், சுவரைப் பார்த்தால் சுவரை, வானத்தைப் பார்த்தால் வானத்தை. மணலைப் பார்த்தால்.

இல்லை, இன்றைக்கு அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் வந்தேன், அல்லது அதைப் பற்றி மட்டுமே நினைப்பதற்கு வந்தேன். ஆலா பறக்கும்போது அதன் மஞ்சள் அலகின் கருப்பு நுனி தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் போதும், கோடு போட்ட தாளெல்லாம் வேண்டாம். தெரிந்தது. காலையில் தண்ணீரோரம் ஒன்று நேராகத் தலைக்குமேல் வந்து நின்று சிறகடித்தபோது நுனி தெரிந்தது, அல்லது ஆலாவின் அலகு நுனி கருப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்புறம்தான் அந்த உப்புக்கொத்தி. கைக்குள் அடங்குகிற குருவி, எனக்கு முன்னால் ஒரு சிறகை மணலில் இழுத்துக்கொண்டு ஓடியது, சாய்ந்தது, விழுந்தது, ஒடிந்த சிறகு வெயிலில் விசிறி மாதிரி விரிந்து துடித்தது. நடிப்பு. முட்டை கிடக்கிற இடத்தைவிட்டு ஆளை அப்புறப்படுத்துவதற்கு அது போடுகிற வேஷம், பறவைப் படம் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் எல்லோரும் பின்னால் போவோம், விரிந்த சிறகு அப்படி வேறு எப்போது கிடைக்கும், நானும் குனிந்தபடியே கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு போனேன், அது விழ விழ அழுத்தினேன். அதன் முட்டைக்கு இனி ஆபத்து இல்லை என்று தோன்றியதும் எழுந்து ஒரு கத்துக் கத்திவிட்டு இரண்டு சிறகாலும் ஒழுங்காகப் பறந்துபோனது. நிமிர்ந்து பார்த்தால் தண்ணீரை விட்டு வெகுதூரம் உள்ளே, மணல்திட்டின் முதுகில் நிற்கிறேன், என்னைச் சுற்றி ஆலாக்கள் எழும்புகின்றன. எழும்புவதைப் பார்க்கவில்லை. மணல் அப்படியே பிய்ந்து மேலே போவது மாதிரி இருந்தது, பிறகு அது கத்தியது. அது ஆலாக்கள் முட்டையிடுகிற இடம். ஒரு குருவி தன் முட்டையைக் காப்பாற்ற என்னைக் கொண்டுவந்து இன்னொரு கூட்டத்தின் குஞ்சுகளுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு அடி பின்னால் வைத்தேன், குதிகாலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. சிப்பி. சிப்பியாகத்தான் இருக்கும், திட்டு முழுக்கச் சிப்பி. சிப்பி இப்படி மெத்தென்று நொறுங்குமா. பார்த்தேன், செருப்பு இருந்தது, மணல் இருந்தது. அதற்குப் பிறகு கால் எழவில்லை. கேமராவைத் தூக்கி மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினேன், பச்சைக் கட்டம் ஒரு இடத்தில் உட்கார்ந்தது, அதைவிட்டுப் பாய்ந்து இன்னொரு இடத்தில் உட்கார்ந்தது, பிறகு என் காலுக்குச் சற்றுத் தள்ளி, பிறகு பின்னால், உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்தேன், எல்லாம் மணல். எல்லாப் பக்கமும் கண்கள், எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஆலாக்குஞ்சு மணல் நிறத்தில்தான் இருக்கும், ஆளைக் கண்டால் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், அதை யாராலும் பார்க்க முடியாது, கடவுளே அப்படித்தான் படைத்திருக்கிறார். யாராலும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராலும் முடியாது என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குத் தெரியும் என்றால். நான் நிற்க நிற்க தாய்ப்பறவைகள் இறங்க மாட்டா, இறங்கி நிழல் கொடுக்காவிட்டால் இந்தச் சூட்டில் குஞ்சு வெந்துபோகும், நடந்தால் மிதிப்பேன். வெயில் மணலிலிருந்து மேலே அடிக்கிறது.

ஏட்டி ரெமி, அங்ஙன நின்னு என்னட்டி பண்ணுத, கருவாடாப் போவ என்று காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. மைனி. ஹில்டா. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம், கஸ்பார் அண்ணனைக் கட்டிய அன்றிலிருந்து மைனி, கூப்பிடுகிற பெயரில் மட்டும் மரியாதை ஏறிக்கொண்டது, வா போ அப்படியேதான். அண்ணன் எங்களை இறக்கிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் யாரையோ பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மைனி வலைக்காரர்களின் ஓலைக் கொட்டகை நிழலில் மக்ரூன் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள், அலுத்துப்போய்க் கருப்புக் குடையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறாள். நேராக. கண்களின்மேல். வராத மைனி, அங்கயே நில்லு என்று கத்தினேன், என்னது, காத்துல ஒண்ணும் கேக்கல, வந்துட்டேன் இரி என்று இன்னும் வேகமாக வந்தாள். கேமராவை அவள் காலடிக்குத் திருப்பினேன். பறவைக் கண்ணை மட்டும் தேடும்படி வைத்திருந்ததால் அவள் முகத்தின்மேல் போனபோது அது நிற்கவே இல்லை, அங்கே யாரும் இல்லாத மாதிரி கடந்து கீழே போய் மணலைப் பிடித்தது, அவள் செருப்புக்கு ஒரு முழம் முன்னால். நில்லு! என்ன சத்தம் போட்டேனோ, நின்றாள். மைனி, குஞ்சு கிடக்கு, மிதிச்சிராத, எடது பக்கமா வா, இன்னும் எடது, இப்ப நேரா, நில்லு நில்லு, சோத்துக்கை பக்கம் ஒரு அடி. என்னட்டி, கோயில் தேருக்குக் கட்டை போடுதவன் மாதிரி எடது வலதுன்னு சொல்லுத, நான் என்ன தேரா. தேரு மாதிரிதான் வாற, மெதுவா வா. குடை காற்றில் மடங்கி நிமிர்ந்தது, அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன இடத்தில் கால் வைத்து, சொல்லாத இடத்தில் வைக்காமல், ஆலாக்கள் அவள் குடைமேல் பாய்ந்து பாய்ந்து எச்சமிட, மாதாவே, இதுக்குத்தான் குடை புடிச்சுட்டு வந்தேனா என்று சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாததை நான் அவளுக்குக் காட்டிக் கூட்டிவந்துவிட்டேன். வந்து என் பக்கத்தில் நின்று மூச்சுவாங்கினாள், மல்லிகைப் பவுடரும் வியர்வையும் கலந்து வந்தது.

கேட்டுவிட வேண்டியதுதான். கேட்காமல் இருக்க முடியாது. மைனி, அந்தா ரெண்டு சிப்பி சேந்து கெடக்குல்ல, அதுக்கு இங்கிட்டு, அங்க என்ன இருக்கு, நல்லாப் பாத்துச் சொல்லு. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மணலுதான் இருக்கு. நல்லாப் பாரு மைனி. நல்லாத்தான்ட்டி பாக்கேன், வெறும் மணலு, வேற என்ன இருக்கணும். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். யாராலும் முடியாது. நல்ல கண் இருக்கிறவளுக்கும் மணல்தான். குளியலறைக் கோடு தலைசுற்றல், குழாய்த் தண்ணீருக்குள் நான் சொன்னதெல்லாம் வீண், இன்னும் இருபது வருஷம் அண்ணனின் மென்று தின்னும் வாயைப் பார்ப்பேன், மைனி கிழவியாவதைப் பார்ப்பேன். என்னட்டி சிரிக்க, வெயிலு மண்டைக்கு ஏறிட்டா, என்று அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், எங்கிட்டப் போயி கேக்க பாரு, கண்ணாடியில்லாம எனக்கு ஆனையே கிட்ட வந்து முட்டுனாத்தான் தெரியும். எங்க கண்ணாடி, என்று கேட்டேன். கார்ல வச்சிட்டுல்லா இறங்கிட்டேன், வந்ததுலயிருந்து அதத்தான் பொலம்பிட்டிருக்கேன், கண்ணாடி இல்லாம மூக்கு அம்மணமா இருக்குன்னு, நீ எங்க கேட்ட, ஒனக்குக் குருவிதான் காதுல கத்துது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகம், கொட்டகையில் மக்ரூன் வாங்கித் தின்றபோது, இப்போது மணலில் நடந்து வந்தபோது. அதில் கண்ணாடி இருந்தது. பழுப்பு நிறச் சட்டம், இடது பக்கம் கொஞ்சம் இறங்கியது, பள்ளிக்கூடத்திலிருந்தே எந்தச் சட்டம் போட்டாலும் இடது பக்கம் இறங்கும். இருந்தது, பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன், இருக்கிறது. கையை நீட்டி அவள் மூக்கைத் தொட்டேன். சதை. ரெண்டு பக்கமும் சட்டம் அழுத்திய பள்ளம் ஈரமாக இருந்தது. என்னட்டி, என்றாள்.

எச்சம், என்றேன், ஒட்டியிருந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு சமாதானம் பாக்கியிருக்கிறது, ஒரு ஆளைப் பார்த்துப் பழகிவிட்டால் அப்படித்தான், பார்க்கவே மாட்டோம், நினைப்பைத்தான் பார்ப்போம், ஆரோக்கியமான கண்ணும் அப்படித்தான் செய்யும் என்று யாராவது நல்ல டாக்டர் சொல்லக்கூடும். குடையத் தாழ்த்திப் புடி மைனி என்றேன். குடைக்குள் இருட்டானது, வெளியே வெயில் ஒரு சுவர் மாதிரி நின்றது, ஆலாக்களின் கத்தல் துணிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கேமராவின் திரையில் கடைசியாக எடுத்த படத்தைக் கொண்டுவந்தேன், பெரிதாக்கினேன், இன்னும், பச்சைக் கட்டம் குறித்து வைத்திருக்கிற இடம் திரை முழுக்க விரிகிறவரை. குஞ்சு இருந்தது. மணலோடு மணலாகப் படுத்திருந்தது, பஞ்சு முடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அலகு, அலகின் அடியில் ஒட்டிய மணல்துகள், நெற்றியில் பொடிப்பொடியாகப் புள்ளி. இனி இதில் தெரியாமல் போவதற்கு ஒன்றுமில்லை, கைமுட்டி அளவுக்குத் தலை. கட்டம் விழுந்திருந்த இடத்தை நேராகப் பார்த்தேன். கண் இல்லை. பஞ்சு முடி அந்த இடத்தை மூடி ஒழுங்காகப் பரவியிருந்தது, தையல் தெரியாமல், கண் என்ற ஒன்றை யாருமே இந்தத் தலையில் வைக்க நினைக்காத மாதிரி. கண் இல்லாத குஞ்சு என்னை எதிர்பார்த்துப் படுத்திருந்தது. பார்வையை மெதுவாக அதன் அலகுக்கு நகர்த்தினேன். நகர்த்தியதும் பக்கத்தில் அது திறந்தது. கருப்பாக, உருண்டையாக, நடுவில் வெயிலின் ஒரு துளியோடு. திரும்பினேன், மூடிக்கொண்டது. அலகைப் பார்த்தேன், திறந்தது. நான் பார்க்காதபோது என்னைப் பார்க்கிறது. ரெண்டு மூன்று தடவை செய்தேன், விளையாட்டு மாதிரி, குழந்தைகள் முகத்தைப் பொத்திப் பொத்தித் திறப்பதுபோல, பிறகு நிறுத்தினேன். என்ன தெரியுது, எனக்கும் காட்டு, என்றாள் மைனி, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து. ஆத்தீ, கண்ணப் பாரு, கருகமணி கெணக்கா.

என் தோளப் புடிச்சுக்க மைனி, நான் கால் எடுக்குற எடத்துலயே வை. கேமராவை இடது கண்ணில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். மணலைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்த்தேன், அது உட்கார்ந்த இடத்தை விட்டு ஒதுங்கினேன், உட்காராத இடத்தில் கால் வைத்தேன், ஒவ்வொரு அடியிலும் உள்ளங்கால் கேட்டுக்கொண்டே இறங்கியது. பெட்டிக்குள் இருக்கிற ஏதோ ஒன்று எனக்காகப் பார்க்கிறது, அது சொல்கிறது, நான் கேட்கிறேன், இனி இப்படித்தானா. பொம்மைக் கிளிக்கும் கட்டம் போட்டதுதான். அது தவறினால் என் காலுக்குத்தான் தெரியும். மைனியின் விரல்கள் தோளெலும்பைப் பற்றியிருந்தன, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள், எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. பின்னால் ஆலாக்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும், கத்தல் இங்கொன்று அங்கொன்றாகக் குறைந்து, பிறகு திடீரென்று இல்லை. அந்த நிசப்தம் கத்தலைவிட மோசமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் திட்டு, யாரும் இல்லாத மணல், எவரும் அங்கே போனதும் இல்லை என்பது மாதிரி. ஈர மணலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி அலையில் அலசினேன், அடிப்பக்கத்தைத் திருப்பாமலே அலசினேன், வெகுநேரம்.

மைனி, அண்ணனுக்குப் போன் போடு. சீக்கிரம் வரச் சொல்லு. மதுரையில கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும், இன்னைக்கே. என்னத்துக்கு, யாருக்கு. எனக்குத்தான். வலது கண்ணு அங்க இருக்கும்போதே போச்சு, இப்ப இடது கண்ணும் போகுது. சொல்லிவிட்டேன், வாய் கூசவில்லை, உப்புக் கரித்தது. மைனி குடையை மடக்கினாள், அது மடங்காமல் காற்றில் திமிறியது, மறுபடி மடக்கினாள். அடிப்பாவி, என்றாள். அத வச்சுக்கிட்டா என்னய அங்ஙன எடது வலதுன்னு கூட்டிட்டு வந்த. ஆமா. ஒரு வீட்டுல ஒண்ணா சோறு திங்கோம், எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணல. அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள், அடிக்குது, எடுக்க மாட்டேங்காக, என்று முனகினாள், என்னைப் பார்த்தாள், அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது, கண்ணாடியில்லாத கண், இமையோரம் சின்னதாக ஒரு மரு, இத்தனை வருஷமாகச் சட்டத்துக்குப் பின்னால் நான் கவனிக்காத மரு. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், அதை விட்டுவிடக் கூடாது என்று அவள் காதுக் கம்மலையே விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, எங்கயோ பாத்துக்கிட்டு நிக்க. என்னப் பாரு."

"உன்னத்தான் மைனி பாக்கேன்."